கலையரசியின் மூன்று முத்துப்பிள்ளைகள்

முப்பத்து மூன்று வருடம் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். உடம்பிலிருந்து எடுத்து அனுப்பும் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போட்டு, டாக்டரின் மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் என் வேலை. நான் ஓய்வு பெற்று மூலக்குளத்தில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் அந்த லேப்பில் மரபணுக்களை அங்கேயே பரிசோதிக்கும் கருவி ஒன்றை நிறுவினார்களாம். எங்கள் காலத்தில் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். கருவி வந்ததை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்கள். "மறக்க முடியாத கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க மேடம்" என்று இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டார்கள்.

எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. எழுதலாமா என்றுதான் யோசித்தேன். சம்பந்தப்பட்ட அக்கா தங்கை இருவரையும் நேரில் பார்த்துக் கேட்டேன். "பேர மாத்திட்டு எழுதுங்க" என்றார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்களுடைய மீனவக் குப்பத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதில் நான் செய்த தவறும் ஒன்று வருகிறது. அதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான் முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மில்லில் வேலை பார்த்தார். பிளஸ் டூவுக்குப் பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு இரண்டு வருடம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கண்ணாடித் தகடுகளைக் கழுவினேன். இரண்டாம் வருடம் மெழுகு காய்ச்சினேன். மூன்றாம் வருடம்தான் சீவும் இயந்திரத்தின் முன்னால் உட்காரவிட்டார்கள். அந்த வருடத்தில்தான் டாக்டர் செலின் எங்களுக்குத் தலைவராக வந்தார்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை 'மதாம்' என்றே கூப்பிட்டோம். பாட்டனார் பிரெஞ்சுப் படையில் இருந்தவர் என்பார்கள். வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சு. ஸ்லைடு நன்றாக வந்தால் 'பொன்' என்பார். தங்கம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டுகிறார் என்றே நான் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் 'நல்லது' என்று அர்த்தமாம். ஸ்லைடு மோசமாக இருந்தால் திட்டமாட்டார். அதைக் குப்புறக் கவிழ்த்து என் தட்டிலேயே திருப்பி வைத்துவிடுவார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நோயாளியின் விவரம் எழுதிய படிவத்தை அவர் முதலில் படிக்கவே மாட்டார். "மொதல்ல திசு பேசட்டும் வசந்தா" என்று சொல்லி, பெயர் தெரியாமல் ஒரு முறை பார்ப்பார். பிறகு படிவத்தைப் படித்துவிட்டு மறுபடி பார்ப்பார். இரண்டு முறையும் ஒரே முடிவு வந்தால்தான் பேனாவைத் திறப்பார். இன்னொரு விதியும் வைத்திருந்தார். ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் நாங்கள் பேசக் கூடாது. ரிப்போர்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களிடம் கவரைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். விளக்கம் சொல்ல டாக்டர் இருக்கிறார். அந்த விதியை நான் இரண்டே தடவைதான் மீறினேன்.

எனக்கு நாற்பது வயது கடந்திருந்த சமயம், பிரசவப் பிரிவிலிருந்து திசு கெடாமல் வைக்கும் பார்மலின் திரவ டப்பா ஒன்று வந்தது. மூடியைத் திறந்ததும் என்ன என்று தெரிந்துவிட்டது. வேகவைத்த ஜவ்வரிசியைக் கொத்தாகக் கோத்ததுபோல் நீர்க்குமிழிகள். சில கடுகளவு, சில திராட்சையளவு. நம் பக்கத்தில் இதை முத்துப்பிள்ளை என்பார்கள். கர்ப்பத்தின் அறிகுறி எல்லாம் இருக்கும், வயிறும் வேகமாகப் பெருக்கும், ஆனால் உள்ளே குழந்தை இருக்காது. குழந்தைக்கு உணவு கொடுக்க வேண்டிய நஞ்சு மட்டும் தாறுமாறாக வளர்ந்திருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்பதை மதாம் எங்களுக்குச் சொல்லியிருந்தார். குழந்தைக்கு ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வரும். பெரும்பாலானவற்றில் இரண்டு பிரதியும் வேலை செய்யும். சிலவற்றில் மட்டும், அம்மாவுடையது திறந்திருக்கும், அப்பாவுடையது மூடியிருக்கும், அல்லது நேர்மாறாக. எது திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்று மரபணுவின் மேலேயே ஒரு குறி இருக்கும். அப்பா பக்கத்துக் குறிகள் நஞ்சை வளர்க்கச் சொல்லும். அம்மா பக்கத்துக் குறிகள் அதைக் கட்டுப்படுத்திக் குழந்தையின் உடம்பு உருவாக இடம் கொடுக்கும். வழக்கமான முத்துப்பிள்ளையில் அம்மாவின் மரபணுக்களே இருக்காது. முட்டை வெறுமையாக இருந்து, உள்ளே இருப்பதெல்லாம் அப்பாவுடையதாகவே இருக்கும். இது தற்செயலாக நடப்பது. அடுத்த கர்ப்பம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

படிவத்தில் 'கலையரசி, இருபத்தாறு வயது, மூன்றாவது கர்ப்பம்' என்று இருந்தது. கணவர் பெயர் சேகர். அந்தப் பெயர்களை நான் முன்பே எழுதியிருக்கிறேன் என்று கைக்குத் தோன்றியது. பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டு வருடம் முன்னால் ஒன்று, அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் ஒன்று. இரண்டும் முத்துப்பிள்ளை. இரண்டிலும் மதாமின் கையெழுத்து. ஒன்று நடப்பதே அபூர்வம். இன்னொன்று நடந்தால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். மூன்று தொடர்ந்து நடந்தால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

பழைய மெழுகுக் கட்டிகளையும் எடுத்து மூன்றையும் ஒரே நாளில் சீவினேன். குளிர்ந்த மெழுகிலிருந்து சருகுபோல் சுருண்டு வரும் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் தகட்டில் ஏந்தி எடுக்க வேண்டும். அம்மாவிடமிருந்து வந்த பிரதியில் மட்டுமே வேலை செய்யும் மரபணு ஒன்று உண்டு. அது வேலை செய்தால் செல்லின் நடுவே பழுப்பு நிறம் ஏறும்படி ஒரு சாயம் இருக்கிறது. அதைப் போட்டேன். ஓரத்தில் ஒட்டியிருந்த கலையரசியின் சொந்தத் திசு பழுப்பாக ஏறியது. அதாவது சாயத்தில் பழுதில்லை. குமிழிகளில் ஒரு செல்கூடப் பழுப்பாகவில்லை. மூன்று தகட்டிலும் அப்படியே.

"அம்மாவோடது இல்லன்னுதான இதுக்கு அர்த்தம் மதாம்?" என்று கேட்டேன்.

அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லன்னும் இருக்கலாம். இருந்தும் பேசாம இருக்குன்னும் இருக்கலாம். நான் ரெண்டு தடவையும் இல்லன்னே எழுதிட்டேன்" என்றார்.

திசுவில் யாருடைய மரபணு இருக்கிறது என்று பார்க்க வெளியூர் லேப்புக்கு அனுப்பினார். கலையரசியின் ரத்தமும் சேகரின் ரத்தமும் கூடப் போயின.

பதில் வருவதற்குள் கலையரசியின் நிலைமை மோசமானது. வயிற்றைச் சுத்தம் செய்த பிறகு ரத்தத்தில் குறைய வேண்டிய கர்ப்ப ஹார்மோன் ஏறிக்கொண்டே போனது. மிச்சமிருந்த திசு புற்றுபோல் பரவத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவளை வார்டிலேயே வைத்து ஊசி மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் காலை, கையில் ஊசி குத்திய பிளாஸ்திரியோடு அவளே ஜன்னலுக்கு வந்து நின்றாள். ஒல்லியான பெண். மருந்தில் வாய் புண்ணாகியிருந்தது.

"அக்கா, நீங்கதான் அதப் பாப்பீங்களாமே."

நான் கையிலிருந்த கவர்களைக் கீழே வைத்தேன்.

"அதுல கை, கால், எதாச்சும் இருந்துச்சா? ஒண்ணுத்துலயாச்சும்?"

விதிப்படி ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். "இல்லம்மா" என்றேன். "எதுலயும் இல்ல. புள்ளன்னு ஒண்ணு உருவாகவே இல்ல."

அவள் தலையாட்டினாள். "அப்ப எதுவும் செத்துப்போகல" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே வார்டுக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்கு மாலைவரை என்னால் சரியாகச் சீவ முடியவில்லை. இரண்டு ஸ்லைடுகள் குப்புறத் திரும்பி வந்தன.

வெளியூரிலிருந்து பதில் வந்தது. மூன்று முத்துப்பிள்ளையிலும் கலையரசியின் மரபணுக்கள் பாதிக்குப் பாதி இருந்தன. ஆனால் அவற்றில் எதற்கும் அம்மாவின் குறி இல்லை. காரணம் அவளுடைய ரத்தத்தில் தெரிந்தது. முட்டைக்குள் வேலை செய்யும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதியுமே அவளுக்குப் பழுது. அவளுடைய அம்மா தன் தாய்மாமனையே கட்டியவர். ஒரே பழுது இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது.

மதாம் தன் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் திருத்தம் எழுதினார். "அன்னைக்கு இருந்த வசதிக்கு அதான சரியான ரிப்போர்ட், எதுக்கு மதாம் திருத்தணும்?" என்று இளைய டாக்டர் ஒருவர் கேட்டார். "கையெழுத்து என்னோடது. திருத்தமும் என்னோடதா இருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. நான் சொல்றது அவங்களுக்குப் புரியலன்னா நீங்க சொல்லணும்" என்று கூப்பிட்டார். அவர் தானாக வார்டுக்குப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கலையரசி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சேகர் ஸ்டூலில். அவன் பைபர் படகில் கடலுக்குப் போகிறவன். யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டான். அவன் அம்மா தனம் கீழே பாய் விரித்து உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மதாம் சொன்னார்: "புள்ள உண்டான மொத மூணு நாளு, அதோட மரபணு முழிக்கவே இல்ல. அம்மா முட்டைக்குள்ள கட்டிக் குடுத்ததுதான் அதுக்குச் சாப்பாடு, அதுக்கு வேலை, எல்லாம். எதத் தொறக்கணும், எத மூடணும்னு குறி போட்டு அனுப்பறதும் அம்மாவோட முட்டைதான். கலையரசியோட முட்டையில அந்தக் குறி விழல. இது அவ செஞ்ச தப்பு இல்ல. பொறக்கும்போதே வந்தது."

பிறகு சேகரைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் அப்பாகிட்டருந்து வந்ததுன்னு ரெண்டு தடவ எழுதினேன். அது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. முதல் தடவையே வார்டில் யாரோ அவனிடம், 'இருக்கிறதெல்லாம் உன்னோடதுதான்' என்று சொல்லியிருக்கிறார்கள். தன் வித்தில் விஷம் இருக்கிறது என்று அவன் மூன்றரை வருடமாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"அப்ப எம்புள்ளகிட்ட கொற ஒண்ணுமில்ல?" என்று தனம் கேட்டார்.

"இல்ல."

"இவளுக்கு எப்பயும் இப்பிடித்தான்?"

"இவளோட சொந்த முட்டையில இப்பிடித்தான். வேற ஒருத்தரோட முட்டைய வெச்சு இவ வயித்துலயே புள்ள வளரலாம். அதுக்கு முன்னால ஒரு வருஷம் இவ ஒடம்பு தேறணும். அப்புறம், இவளுக்குக் கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களும் ரத்தம் குடுத்துப் பாத்துக்கணும்."

மதாம் சொன்னது அத்தனையும் உண்மை. சேகரின் தலையிலிருந்து ஒரு பாறையை அது இறக்கிவைத்தது. ஆனால் அதே பாறை கலையரசியின் தலையில் போய் உட்கார்ந்தது.

கலையரசிக்கு ஒரே தங்கை, சுகன்யா. அம்மாவோடு பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். ரத்தம் கொடுக்க வந்த அன்றைக்கு அவளோடு அம்மாவும் வந்திருந்தார், தனமும் வந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் பேசியதிலிருந்து விஷயம் தெரிந்தது. ரிசல்ட் நன்றாக வந்தால் சுகன்யாவைச் சேகருக்கு இரண்டாவதாகக் கட்டிவைப்பது என்று தனம் கேட்டிருக்கிறார். சுகன்யாவின் அம்மாவும் அரை மனதோடு சம்மதித்திருக்கிறார். "வெளியிலருந்து ஒருத்தி வந்தா பெரியவள தொரத்திடுவா. சொந்தத் தங்கச்சின்னா அப்பிடிச் செய்வாளா?" என்று அந்த அம்மா யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாதகப் பொருத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் இரண்டு குடும்பமும் அந்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தது.

ஐந்து வாரம் கழித்துக் கவர் வந்தது. சுகன்யாவுக்கு ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது. அவளுக்கோ அவள் பெறப்போகும் பிள்ளைக்கோ அந்த ஒன்றால் கெடுதல் இல்லை.

அவள் தனியாக வந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கையை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். மதாமின் அறையில் நின்றுகொண்டே கேட்டாள். மதாம் சொல்லி முடித்ததும், "எனக்கும் அக்கா மாதிரியேதான்னு எழுதிக் குடுங்க மேடம்" என்றாள்.

"எழுத மாட்டேன்."

"நல்லாருக்குன்னு தெரிஞ்சா ஆவணியிலயே தாலி கட்டிடுவாங்க. அந்த வூட்ல எங்க அக்கா எனக்குச் சோறு போட்டுட்டு நிக்கணும். நான் புள்ள பெத்தா அவ தூக்கி வளக்கணும். மாமா நல்லவருதான். அவரு கை எம்மேல படறத என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியாது. எனக்கு அவரு அண்ணன் மாதிரி."

"வேணாம்னு வீட்ல சொல்லு."

"சொல்லாமயா இருப்பேன்? 'உங்க அக்காளுக்காகத்தான'ன்னு வாய அடைச்சிடுறாங்க."

மதாம் பேனாவை மூடி வைத்தார். "இங்க பாரு சுகன்யா. நான் பொய் எழுதினா, நாளைக்கு என் கையெழுத்த நம்பி ஊசி போடற டாக்டருக்கு எது நெஜம்னு எப்பிடித் தெரியும்? ஆனா இந்த ரிப்போர்ட் உன்னோடது. உங்க அம்மா வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். யாருகிட்ட என்ன சொல்லணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

சுகன்யா கவரை வாங்கினாள். அங்கேயே நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் தனம் வந்தார். மதாம் மீட்டிங்கில் இருந்தார். ஜன்னலில் நான் மட்டும்.

"ஏம்மா, நீதான அன்னைக்கு டாக்டரோட வந்தவ? சின்னவ தனக்கும் அதேதான்னு சொல்றா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நெசமா சொல்லு, அவளுக்கும் அதேதானா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு மனப்பாடம். 'ரிப்போர்ட் பத்தி மத்தவங்களுக்குச் சொல்லக் கூடாது' என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். அதைச் சொன்னால் அவர் சந்தேகத்தோடு போவார். சுகன்யாவை வேறு எங்காவது கொண்டுபோய் ரத்தம் எடுப்பார்கள் என்று எனக்குப் பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போன பெண்ணும் ஞாபகத்துக்கு வந்தாள்.

"ஆமாம்மா. அவ சொன்னது நெசந்தான்" என்றேன்.

தனம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதாமிடம் நானே சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க செஞ்சது தப்பு வசந்தா. உங்க இடத்துல நான் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னும் எனக்குத் தெரியல. ஆனா நான் எழுதினத நான் திருத்த முடிஞ்சுது. நீங்க சொன்னதுல கையெழுத்து இல்ல, தேதி இல்ல. அது எங்கெங்க போகும்னு உங்களுக்கே தெரியாது."

ஒரு மாதம் என்னை ஜன்னல் பக்கம் விடவில்லை. அந்த மாதம் முழுவதும் அவரே ஜன்னலில் நின்று கவர்களைக் கொடுத்தார்.

பொய் அவர் சொன்னபடியே போனது. இரண்டாம் கல்யாணப் பேச்சு நின்றது. வெளியில் ஒரு பெண்ணைப் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது சேகர் பெண் பார்க்கப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அது வரைக்கும் நல்லது. ஆனால் 'அந்தக் குடும்பத்துப் பொண்ணுங்களுக்கு முத்துப்பிள்ளைதான்' என்று குப்பத்திலிருந்து குப்பத்துக்குச் செய்தி பரவியது. சுகன்யாவைக் கேட்டு வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயின.

கலையரசிக்கு உடம்பு தேற ஒன்றரை வருடம் ஆனது. ஹார்மோன் முழுக்க இறங்கி, தொடர்ந்து பல மாதம் ஏறாமல் இருந்தது. அப்போதுதான் சுகன்யா அக்காவிடமும் மாமாவிடமும் உண்மையைச் சொல்லி, தன் முட்டையைத் தருவதாகச் சொன்னாள். கலையரசி அவளை அறைந்துவிட்டாளாம். பிறகு கட்டிக்கொண்டு அழுதாளாம். கல்யாணமாகாத தங்கையிடமிருந்து முட்டை எடுக்க இன்றைய சட்டம் இடம் தராது. அப்போது அந்தச் சட்டம் வந்திருக்கவில்லை. மதாம் அவர்களை வேறொரு இடத்திலிருந்த கருத்தரிப்பு மையத்துக்கு அனுப்பினார்.

அந்த மையத்தில் கருக்களைக் கவனித்த பெண் என் கூடப் படித்தவள். கலையரசி தம்பதியின் சம்மதத்தோடு, சுகன்யாவின் முட்டையில் கரு உண்டான ஐந்தாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாம் நாள் எட்டு செல்லாக இருந்ததாம். அங்கேதான் பல கருக்கள் நின்றுவிடும், அம்மா கொடுத்தனுப்பியது தீர்ந்து, சொந்த மரபணு எழுந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் அது என்றாள். இது தாண்டி வந்திருந்தது. திரையில் ஒரு வட்டம். சுற்றிலும் மெல்லிய வேலிபோல் ஒரு வரிசை செல்கள்; நடுவில் நீர்; ஒரு பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சின்னக் குவியல்.

"வேலி மாதிரி இருக்கே, அது நஞ்சு ஆகும்" என்றாள். "இந்தக் குவியல்தான் புள்ள."

அதுவரை நான் பார்த்த திசு எல்லாம் பார்மலினில் கிடந்தது. உயிரோடு ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். கலையரசியின் மூன்று கர்ப்பத்திலும் வேலி மட்டும் வளர்ந்து வளர்ந்து குமிழியாகியிருந்தது. இந்தக் குவியலுக்கு இடமே கிடைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாகச் சுருங்கி விரிந்தது. கண்ணீர் என் பார்வையை மறைத்தது. என் தோழி திரையை அணைத்தாள்.

முதல் தடவை வைத்தது நிற்கவில்லை. இரண்டாவது நின்றது. பெண் குழந்தை. பிறந்ததும் நஞ்சை மதாம் கேட்டு வாங்கினார். நான் சீவினேன், அந்தப் பழுப்புச் சாயத்தைப் போட்டேன். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் நிறம் ஏறியிருந்தது. அன்றைக்கு மதாம் ஸ்லைடைத் தன் மேஜையிலிருந்து சாயங்காலம்வரை எடுக்கவிடவில்லை.

குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது சுகன்யா ஜன்னலுக்கு வந்தாள். வில்லியனூர் பக்கத்தில் ஓர் இடம், சொந்தம் இல்லை. பையனுக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அவன் அம்மா காதுக்கு அந்தப் பழைய பேச்சு போய்விட்டது.

"நான் சொன்னா, கல்யாணம் ஆவணும்னு சொல்றேன்பாங்க. அக்கா சொன்னா தங்கச்சிக்காகச் சொல்றாம்பாங்க. நீங்கதான் சொல்லணும். என் ரிப்போர்ட்தான, நான் சொல்லச் சொல்றேன்."

முதலில் தனத்திடம் போக வேண்டும் என்று நினைத்தேன். என் பொய்யை வாங்கியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேம்மா. சுகன்யாவுக்கு ஒண்ணும் இல்ல. அப்பவும் இல்ல."

தனம் கையைப் புடவையில் துடைத்தார். "தெரியும்" என்றார்.

"எப்ப?"

"அன்னைக்கே. எது கேட்டாலும் டாக்டரக் கேளுன்னு வெரட்டுறவங்க நீங்க. நான் கேட்ட ஒடனே நீ ஆமான்ன. மூணு தரம் நிக்காதது அப்புறம் எப்பிடி நின்னுச்சு, அது யாரு முட்டைன்னு கேக்கத் தெரியாதவளா நானு?"

"அப்ப ஏன் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல?"

"எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் தம்பி நாலு பேரு. வம்சம் வம்சம்னு வாசல்ல வந்து நின்னா நான் இன்னா சொல்றது? சேகரு, இன்னொரு தாலி கட்டச் சொன்னா கடலுக்குப் போறவன் திரும்பி வர மாட்டேன்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டான். சின்னவள வேணாங்கறதுக்கு அவங்க வாய அடைக்கிற மாதிரி எனக்கு ஒரு காரணம் வேணும். நீ குடுத்த. எடுத்துக்கிட்டேன். ஊரெல்லாம் சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு வாழ்க்க அதுல மாட்டும்னு அப்ப நான் நெனைக்கல."

அவர் குழந்தையை இறக்கிக் கலையரசியிடம் கொடுத்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். "வா, போவலாம்" என்றார்.

இருவரும் வில்லியனூர் பஸ் ஏறினோம். பையனின் அம்மா எங்களுக்கு நாற்காலி போட்டார். தனம் உட்காரவில்லை.

"சுகன்யாவுக்கு ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. இருக்குன்னு ஊருக்குள்ள பொய் சொன்னது நானு. எம்மேல இருக்கற கோவத்த அந்தப் பொண்ணு மேல காட்டாதீங்க."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"எங்க சொந்தம்" என்று தனம் முந்திக்கொண்டார்.

"இல்லம்மா" என்றேன். "நான் அந்த லேப்புல வேலை பாக்கறவ. சுகன்யா ரிப்போர்ட்ட என் கண்ணால பாத்தவ. மொதல்ல பொய் சொன்னது நான்தான். இவங்க என்கிட்டதான் கேட்டாங்க."

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொய் சொன்னவங்க ரெண்டு பேரு வந்து நிக்கறீங்க. நான் எத நம்பறது?" என்றார். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பொண்ணு நல்லா இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க."

"நல்லா இருக்கா" என்றோம், இருவரும் சேர்ந்து.